காந்தள், கோடல், தோன்றி: ஒரு சிறு பேரினத்தின் பெயரும் வகைப்பாடும் – திருச்செங்கோட்டுச் சமவெளியை முன்வைத்து

முன்னுரை

திருச்செங்கோட்டைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் மழைக்காலத்தில் வேலிகளைப் பற்றிப் படரும் கொடிகளுள் ஒன்று கண்வலிக்கிழங்கு. சங்க இலக்கியத்தின் காந்தளும் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. தாவரவியலில் இது குளோரியோசா என்னும் சிறு பேரினத்தைச் சார்ந்தது. அப்பேரினத்தில் ஏறத்தாழ 10 முதல் 12 வரையிலான சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கு உரியவை. இந்தியாவில் இயற்கையாக வளர்வது குளோரியோசா சுபெர்பா. காந்தள், கோடல், தோன்றி ஆகிய மூன்றையும் குறிஞ்சிப்பாட்டு தனித்தனி மலர்களாக எண்ணுகிறது. அகராதிகளோ மூன்றையும் இவ்வொரு கொடியோடு சார்த்திப் பொருள் கூறுகின்றன. இம்முரணைப் பேரினத்தின் வகைப்பாட்டு வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

செடியின் இயல்பும் தமிழ்ப்பெயர்களும்

நிலத்தடியில் இருபுறமாகக் கிளைக்கும் கிழங்கின் வடிவத்தால் இச்செடி கலப்பைக்கிழங்கு எனப்பட்டது. வடமொழியின் லாங்கலி என்னும் பெயரும் கலப்பையையே சுட்டுகிறது. இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பிடித்துக்கொள்ளும். அலைவிளிம்புடைய ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்து நிற்கும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கியிருப்பது இப்பேரினத்தின் சிறப்பு அடையாளம்.

பூ ஒரே நிறத்தில் நிலைப்பதில்லை. பசுமை கலந்து விரிந்து, மஞ்சளாகி, பின் செம்மையுறுகிறது. ஒரே கொடியில் ஒரே நாளில் இந்நிலைகள் அனைத்தையும் காணலாம். உரையாசிரியர் கோடலை வெண்காந்தள் என்றனர். பாடல்களில் தோன்றி சுடர் போன்ற செம்மையால் அறியப்படுகிறது. ஆகவே கோடல் வெளிறிய தொடக்க நிலையையும், தோன்றி முதிர்ந்த நிலையையும் குறித்திருக்கலாம் எனக் கொள்ள இடமுண்டு. திணைமரபும் இங்குக் கருதத்தக்கது. காந்தள் குறிஞ்சி மலைச்சாரலுக்கும் முருகனுக்கும் உரியதாகவும், தோன்றி முல்லை நிலத்துக் கார்கால மலராகவும் பெரிதும் பாடப்படுகின்றன. எனவே புலவர் பிரித்தது சிற்றினத்தை அன்று. நிறம், நிலம், பொழுது ஆகியவற்றின் சேர்க்கையை எனலாம்.

மேந்தோன்னியும் குளோரியோசாவும்

மேலைத் தாவரவியலுள் இக்கொடி நுழைந்தபோது அதன் நாட்டுப்பெயரும் உடன்சென்றது. வான் ரீடின் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் ஏழாம் தொகுதி (1688) இதனை மேந்தோன்னி என்னும் மலையாளப் பெயராலேயே விளக்கியது. தமிழின் ‘ன்ற’ மலையாளத்தில் ‘ன்ன’ ஆவது கன்று–கன்னு, ஒன்று–ஒன்னு முதலியவற்றில் தெளிவு. அதன்படி மேந்தோன்னியின் இரண்டாம் உறுப்பு சங்கத் தமிழின் தோன்றியே ஆகும். இப்பெயரே மெத்தோனிகா என இலத்தீன் வடிவு பெற்று ஐரோப்பியரிடையே வழங்கியது.

கிரேக்க, இலத்தீன் மூலமற்ற பேரினப்பெயர்களை லின்னேயஸ் தமது கிரிட்டிகா பொட்டானிகாவில் (1737) மறுத்தார். பின்னர் ஸ்பீசிஸ் பிளாண்டாரம் (1753) நூலில் குளோரியோசா சுபெர்பா என்னும் பெயரைத் தந்து, அதன் வாழிடம் மலபார் எனக் குறித்தார். அதான்சன் 1763இல் மெண்டோனி என்றும், கிராண்ட்ஸ் 1766இல் மெத்தோனிகா சுபெர்பா என்றும் பழம்பெயரை மீட்க முயன்றனர். 1753ஐத் தொடக்கமாகக் கொண்ட முன்னுரிமை விதி அம்முயற்சிகளை இணைப்பெயர்களாக ஒதுக்கியது. பெயர் மறைந்ததற்குக் காரணம் செடியைப் பற்றிய புதிய அறிவு அன்று, பெயரிடல் விதியே.

பிரித்தலும் சேர்த்தலும்

நிற, வடிவ வேறுபாடுகளைக் கொண்டு ஐரோப்பியரும் இக்கொடியைப் பலவாகப் பிரித்தனர். குளோரியோசா விரெசென்ஸ் (1825), குளோரியோசா ரோத்ஷில்டியானா (1903) என விளக்கப்பட்டவை இன்று சுபெர்பாவினுள் அடக்கப்படுகின்றன. 1853இல் தனிப்பேரினமாக்கப்பட்ட லிட்டோனியாவும் 2007இல் வின்னெர்ஸ்டென், மேனிங் ஆகியோரின் வகைப்பாட்டில் குளோரியோசாவுடன் இணைக்கப்பட்டது.

குடும்பநிலையும் மாறியது. பெந்தாம்–ஹூக்கர் முறையில் லிலியேசியில் இருந்த இப்பேரினம் இன்று கோல்ச்சிகேசியில் உள்ளது. ஐரோப்பியக் கோல்ச்சிக்கம் செடியிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கோல்ச்சிசின் என்னும் நச்சு காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. மரபணு ஆய்வு காட்டிய உறவை வேதியியலும் உறுதிப்படுத்துகிறது.

வட்டாரப் பதிவும் இன்றைய தேவையும்

சேலம், நாமக்கல் சமவெளிகளின் தாவரங்களுக்கு அடிப்படை நூல் கே. எம். மாத்யூவின் தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவரநூல் (1981–1983). திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தின் உழைப்பில் அது உருவானது. 1997இல் நாமக்கல் தனிமாவட்டமாவதற்கு முந்தைய நூலாதலால் திருச்செங்கோட்டுப் பகுதி அதில் சேலம் மாவட்டத்துள் அடங்கும். பழைய சேகரிப்புக் குறிப்புகளைப் பயன்படுத்துவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

கொங்குப் பகுதியின் கிளுவை வேலிகள் இக்கொடிக்குப் பற்றுக்கோடாக அமைந்தன. உயிர்வேலி கம்பிவேலியாகும் இடத்தில் அப்பற்றுக்கோடும் உழவுபடாத வேலியோர மண்ணும் ஒருங்கே இழக்கப்படுகின்றன. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படினும், பயிர்ப்பரப்பு காட்டு வளத்திற்கு ஈடாகாது. உண்ணும் கிழங்கென மயங்கி இதனை உண்டு இறந்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. பெயரறிவு இங்கு உயிர்காப்பும் ஆகிறது.

முடிவுரை

சங்கப் புலவரின் மூன்று பெயர்களும் தாவரவியலாரின் ஒரு பெயரும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னவை பருவத்தையும் நிலத்தையும் வகைப்படுத்தின. பின்னது மரபுறவை வகைப்படுத்துகிறது. ஆதலின் இலக்கியத் தாவரங்களை அடையாளங்காணும் ஆய்வு ஒரு சொல்லுக்கு ஒரு சிற்றினம் எனப் பொருத்துவதோடு நின்றுவிடலாகாது. பூவின் நிறநிலை, பூக்கும் பொழுது, திணைச்சூழல் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அதற்குரிய களம் நூலகம் மட்டுமன்று. திருச்செங்கோட்டுக் காட்டு வேலிகளுமாம்.