பலகாரம் என்னும் சொல்

மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாத வீடு அரிது. அவ்வாறு இருக்க, 'பல காரங்கள் சேர்ந்தமையால் பலகாரம்' என்று அண்மையில் ஓர் அன்பர் மேடையேறிப் பிரித்துக் காட்டியதும், கற்றோர் நிறைந்த அவை அதனை ஆரவாரத்துடன் ஏற்றுக்கொண்டதும் என் மனத்தை வருத்தின. அகநானூற்றின் முதற்பாட்டிலேயே பொதினி என நிற்கும் பழநிக்குப் 'பழம் நீ' என்று காரணம் கூறுவதும் இத்தகையதே; பக்திக்கு அது இனிதாகலாம். சொல்லாராய்ச்சிக்கு அது போதாது.

அதிரசத்தில் காரம் ஏது? சுழியத்தில் ஏது? காரம் என்பதை உறைப்பென்னாது, செய்கையைக் குறிக்கும் வடமொழி ஈறெனக் கொள்வோமெனினும் இடர் தீராது. 'பல' என்னும் எண்ணுப்பொருள் முன்னின்ற பெயராயின், 'ஒரு பலகாரம்' என்று ஒருமை கூட்டி நாம் கூசாது வழங்குவது எங்ஙனம்? 'பண்ணிகாரம் உண்டே' என்பர் சிலர். அது பண்ணுதலென்னும் வினையடியாக வந்த வேறு சொல், இதற்குச் சான்றாகாது.

பலம் என்னும் வடசொல் பழத்தையும் குறிக்கும். பலமும் ஆகாரமும் புணர்ந்த பலாகாரமே இடைநெடில் குறுகிப் பலகாரமாயிற்று. வடமொழி ஹகரம் தமிழில் ககரமாவதற்கு மகா, மோகம், சகோதரன் ஆகியவை போதிய சான்று. மலையாளத்தார் அந்த ஹகரத்தை இன்னும் விடாது 'பலஹாரம்' என்றே சொல்லி, நாம் குறிக்கும் பண்டங்களையே குறிக்கின்றனர். மராத்தியிலோ இச்சொல் 'ஃபராள்' எனத் தேய்ந்து, உபவாச நாளின் உணவையும் தீபாவளியின் முறுக்கு, உருண்டை முதலியவற்றையும் ஒருங்கே உணர்த்துகிறது. இதற்கு மேலும் பல காரம் என்பாரிடம் வாதிட யாதுளது?

நம் பழைய நூல்களில் இப்பண்டங்களுக்குப் பெயரில்லாமலில்லை. மதுரைக்காஞ்சியில் அடையும் மோதகமும் உள. சிலப்பதிகாரத்து இந்திரவிழவில் எள்ளுருண்டையாகிய நோலை உளது. அவையெல்லாம் கடைவீதியும் விழாவும் ஈன்ற பெயர்கள். பலகாரமோ நோன்பின் வழியாக வந்தது. தாடிக்கொம்புச் சௌந்தரராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் குடும்பங்களில் வைகுண்ட ஏகாதசியன்று அரிசிச்சோறு விலக்கிச் சிறுமலை வாழைப்பழமும் பாலும் கொள்வாருண்டு. முழுப்பட்டினி தாங்காதவர்க்குப் பழத்தோடு ஏதேனும் சிற்றுண்டி சேர்ந்தது; நாளடைவில் பழம் நழுவ, சோறல்லாத உணவெதுவும் பலகாரமாயிற்று. அமாவாசை இரவில் தோசையை உண்டுவிட்டு 'இன்று பலகாரம்' என்று கூறும் இல்லங்கள் இன்றும் உள்ளன. அங்கே காரம் என்ற எண்ணமே எழுவதில்லை.

இனி, சுடுதல் என்னும் வினையையும் இங்கே கருதுதல் வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுப்பதை நம் பெண்டிர் 'பலகாரம் சுடுதல்' என்கின்றனரேயன்றிப் பொரித்தல் என்பதில்லை. அடையும் அப்பமும் ஓட்டிலும் கல்லிலும் வெந்த காலத்து வினையை, எண்ணெய் மிகுந்த பின்னரும் நாவு கைவிடவில்லை என்றே கொள்கிறேன்.

கத்தோலிக்கக் குடும்பமாகிய எங்கள் வீட்டில் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தைய நாள் அதிரசமும் முறுக்கும் சுட்டுக் குவித்திருக்கையில், பச்சரிசி மாவும் வெல்லப்பாகும் கமழும் அந்த அடுக்களை வாயிலில் நின்று, "இன்னிக்கு ஒருசந்தி; பலகாரத்துல கை வைக்காதே!" என்று அப்பத்தா அதட்டுவார். நடுச்சாமப் பூசை கண்டு திரும்பிய பின்னரே தட்டு எங்களிடம் வரும்; விடிந்ததும் அண்டை வீடுகளுக்குச் செல்லும். ஒருசந்தி என்பது நாளில் ஒருவேளை மட்டும் உண்டிருக்கும் நோன்பு. சைவரும் வைணவரும் ஆண்டதைக் கிறிஸ்தவரும் தமதாக்கிக்கொண்ட சொல். நோன்பை இச்சொல்லால் குறித்தவர்கள், நோன்பு முடிக்கும் உணவின் பெயரையும் அதே வழியில் பெற்றனர் என்பது என் துணிபு. அப்பத்தாவின் அதட்டலில் அவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றதை நான் தற்செயலென்று கொள்ளமாட்டேன்.