ஓட்டு போடலாம்... போட்டியிட முடியாதா? நைஜீரிய இளைஞர்கள் மாற்றிய சட்டமும், மாறாத சிக்கலும்!

18 வயசுல ஓட்டு போடலாம். ஆனா, சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளரா நிக்கணும்னா இன்னும் 12 வருஷம் காத்திருக்கணும். 2018 வரை நைஜீரிய இளைஞர்களின் நிலை இதுதான். இந்தச் சட்டத்தை மாற்றியது அரசியல் கட்சிகள் அல்ல, அந்த இளைஞர்களேதான். எப்படி? மாற்றிய பிறகு என்ன ஆச்சு?

இளைஞர்களின் நாடு

20 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நைஜீரியா, ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை அதிகமுள்ள நாடு. அதில் பாதிப் பேருக்கு மேல் 20 வயதைக்கூடத் தொடாதவர்கள். ஆனால் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. 2022-ல் பேராசிரியர்கள் ஸ்ட்ரைக்கால் அரசுப் பல்கலைக்கழகங்கள் 8 மாதங்கள் முடங்கின. எப்படியாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்ற மனநிலைக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது: 'ஜப்பா'. யோருபா மொழியில் 'தப்பி ஓடு' என்று அர்த்தம்.

'போட்டியிட வயது போதும்'

ஓடாமல் நின்றவர்கள் 2016-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெயர், 'நாட் டூ யங் டு ரன்'. தேர்தலில் நிற்க முடியாத அளவுக்கு நாங்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை என்பதுதான் முழக்கம். யியாகா ஆப்பிரிக்கா என்ற அமைப்பும், அதன் தலைவர் சாம்சன் இடோடோவும் முன்னணியில் நின்றார்கள்.

இது சாதாரண வேலை இல்லை. அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சம்மதிக்க வேண்டும். அதன்பின் 36 மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது 24 ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனையையும் தாண்டி, 2018 மே 31-ம் தேதி அதிபர் முகமது புஹாரி கையெழுத்திட்டார்.

என்ன மாறியது?

* அதிபர் பதவி: 40 வயதிலிருந்து 35
* நாடாளுமன்றக் கீழவை: 30-லிருந்து 25
* மாநிலச் சட்டமன்றம்: 30-லிருந்து 25

செனட், ஆளுநர் பதவிகளுக்கும் வயதைக் குறைக்கக் கேட்டார்கள். அது நடக்கவில்லை. அங்கே 35 அப்படியே தொடர்கிறது.

சரி, நிலைமை மாறிச்சா?

கொஞ்சம் மாறியது. 2023 தேர்தலில் குவாரா மாநிலச் சட்டமன்றத்துக்கு ருகாயத் ஷிட்டு தேர்வானபோது அவருக்கு வயது 26. பழைய சட்டம் இருந்திருந்தால் அவரால் மனுவே போட்டிருக்க முடியாது.

ஆனால் அதே ஆண்டு அதிபர் தேர்தலில் முதல் 3 இடங்களைப் பிடித்தவர்கள் எல்லோருமே 60-ஐத் தாண்டியவர்கள். வென்ற போலா டினுபுவுக்கு 70 வயது. இத்தனைக்கும் பதிவு செய்த 9.34 கோடி வாக்காளர்களில் சுமார் 3.7 கோடி பேர் 18 முதல் 34 வயதுக்காரர்கள்!

வயசு இருக்கு, பணம்?

சிக்கலே இங்கேதான். நைஜீரியாவில் 2023-ல் சுயேச்சையாக நிற்க முடியாது. கட்சி டிக்கெட் கட்டாயம். அதற்கு விண்ணப்பிக்கவே பணம் கட்டணும். ஆளும் ஏபிசி கட்சி அந்தத் தேர்தலுக்கு வாங்கிய கட்டணம், அதிபர் பதவிக்கு 10 கோடி நைரா, கீழவைக்கு 1 கோடி நைரா.

அப்போது குறைந்தபட்ச மாத ஊதியம் 30,000 நைரா. அந்தச் சம்பளக்காரர் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும், கீழவை படிவத்துக்கு 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இளைஞர்களுக்கு வேட்புமனுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி தந்தார்கள். அப்படியும் பத்தாண்டுக்கும் அதிகமான சம்பளம் வேண்டும். படிவம் வாங்கவே இவ்வளவு என்றால், பிரசாரச் செலவு தனி.

இந்தியாவில் எப்படி?

இங்கே ஓட்டு போட 18 வயது, மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போட்டியிட 25, மாநிலங்களவைக்கு 30. மக்களவை, சட்டமன்றத்துக்கு 18 ஆகக் குறைக்கலாம் என 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையத்துக்கு அதில் உடன்பாடு இல்லை.

வயது வரம்பைக் குறைப்பது கதவைத் திறப்பது மாதிரி. நைஜீரிய இளைஞர்கள் அதை இரண்டே ஆண்டுகளில் திறந்துவிட்டார்கள். வாசலில் டிக்கெட் விலை குறையாத வரை, உள்ளே போகப்போவது பணம் இருக்கிற இளைஞர்கள் மட்டும்தான்.