காஞ்சியின் சொல்லாக்க மரபும் செயற்கைக்கோள் தரவுத் தொடர்புக் கலைச்சொற்களும்

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்க வரலாறு கூறுவோர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தினின்றே தம் உரையைத் தொடங்குவர். 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் நிறுவிய சங்கம், 1938இல் வெளிவந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் தொகுதி, 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு, அக்குழு வடசொற்களுக்கு முதன்மை தந்ததை எதிர்த்துத் தமிழறிஞர் எழுப்பிய கிளர்ச்சி ஆகியவை ஆய்வாளர் நன்கறிந்தவை. ஆயினும் பிறமொழியில் வளர்ந்த ஒரு கலையை அதன் கலைச்சொற்களோடு தமிழில் கொணரும் முயற்சி நமக்குப் புதியதன்று. அம்முயற்சியின் பழைய சான்றுகளுள் தலையாய ஒன்று காஞ்சியோடு தொடர்புடையது. அந்நகரின் தறிக்கூடங்களில் இன்றும் வழங்கும் தொழிற்சொற்கள் மற்றொரு சான்றாகும்.

இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, செயற்கைக்கோள் வழியாக மோடம் கொண்டு தரவு அனுப்பும் துறையில் இந்நாளில் வழங்கும் தமிழ்ச் சொற்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இதன் சொற்கள் தனித்து நிற்பன அல்ல. ஏற்றல், இறக்கல், அனுப்பல், பெறல் என இரட்டை இரட்டையாக வருவன. ஆகவே ஒரு சொல் நிலைபெறுவதும் வழக்கிழப்பதும் எதனால் என்பதை இத்துறை தெளிவாகக் காட்டவல்லது.

தண்டியலங்காரம் காட்டும் மூவழி

காவியாதரிசம் இயற்றிய தண்டி, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லவர் தலைநகராகிய காஞ்சியில் வாழ்ந்தவர் என அறிஞர் கொள்வர். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது என்பர். அதன் பொருளணியியல் முப்பத்தைந்து அணிகளைக் கூறுகின்றது. அவ்வணிகளின் பெயர்களை முதனூற் பெயர்களோடு ஒப்பிட்டுக் காணின், ஆசிரியர் மூன்று வழிகளைக் கையாண்டமை புலனாகும்.

முதலாவது, தமிழில் முன்னரே உள்ள சொல்லைப் புதிய பொருட்கு உரியதாக்கல். வடமொழியில் யதாசங்கியம் எனப்படும் அணிக்கு, தொல்காப்பியத்திலேயே பொருள்கோளாக வழங்கிய நிரனிறை என்னும் சொல்லை ஆசிரியர் அமைத்துக்கொண்டார். யமகத்திற்கு மடக்கு என்றதும் இவ்வகையே. அன்றாட வினையடி ஒன்றே ஆண்டுக் கலைச்சொல்லாயிற்று.

இரண்டாவது, பொருளை மொழிபெயர்த்தல். அருத்தாந்தர நியாசம் வேற்றுப்பொருள் வைப்பு ஆயிற்று. சுவபாவோக்தி தன்மை ஆயிற்று. இவ்விரண்டனுள்ளும் ஒரு வேறுபாடு காணத்தக்கது. முன்னதில் மூலத்தின் உறுப்பு ஒவ்வொன்றும் பெயர்க்கப்பட்டது. பின்னதில் உக்தி என்னும் பகுதி விடப்பட்டுக் கருத்து மட்டும் கொள்ளப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை ஆசிரியர் மேற்கொள்ளவில்லை என்க.

மூன்றாவது, ஒலியைத் தமிழ் மரபுக்கேற்பத் திரித்துச் சொல்லையே எடுத்துக்கொள்ளல். தீபகம் தீவகம் எனவும், சிலேடம் சிலேடை எனவும், லேசம் இலேசம் எனவும் வந்தன. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தும் சொல்லை ஏற்கலாம் எனத் தொல்காப்பியர் வகுத்த நெறியே இதற்கு அடிப்படை.

இம்மூவகைப் பெயர்களும் ஒரே இயலில் அடுத்தடுத்து நிற்கின்றன. தன்மையின் அருகே தீவகம் நிற்பதை எந்த மாணாக்கனும் முரணாகக் கருதுவதில்லை. இவை யாவும் ஒரு தொகுதியாக அமைந்து, ஒவ்வொன்றும் இலக்கணமும் எடுத்துக்காட்டும் பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பாடஞ் சொல்லப்பட்டு வந்தமையே அதற்குக் காரணமாகும்.

தறிக்கூடத்துச் சொற்கள்

ஏட்டில் காணும் இந்நிலை தொழிலிலும் உண்டோ எனின், உண்டு. காஞ்சியின் பட்டு நெசவாளர் சொற்களை நோக்குக. நீளவாட்டில் பரப்பப்பட்ட இழை பாவு. பாவுதல் பரவுதலாதலின் இப்பெயர் பெற்றது. அதனிடையே குறுக்காகச் செல்லும் இழை ஊடு அல்லது ஊடை. ஊடும் பாவும் என இணைத்தே கூறுவது உலக வழக்கு. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று பிணைக்கும் முறை கோர்வை. கோத்தல் என்னும் வினையினின்று பிறந்தது. உடலின் பாவோடு வேறு நிறத்து முந்திப் பாவை இழை இழையாக இணைக்கும் முறை பெட்னி. பொன்னிழை சரிகை எனப் பாரசீகச் சொல்லால் வழங்குகின்றது. கோல உருவங்களை நெய்யத் துணைசெய்யும் கருவி, அதனை 1804ஆம் ஆண்டளவில் ஆக்கிய பிரெஞ்சு நாட்டவர் பெயரால் சக்கார்டுப் பெட்டி எனப்படுகின்றது.

இங்கும் தமிழ் வினையடிகளும் வந்த சொற்களும் ஒரே தறியின்மீது கூடி நிற்கின்றன. சக்கார்டு என்னும் ஆட்பெயரைப் பெட்டி என்னும் தமிழ்ச் சொல்லோடு புணர்த்தமை, நெசவாளர் அதனைத் தம் மொழிக்குள் அமைத்துக்கொண்ட வகையைக் காட்டும்.

மற்றொரு தொடர்பும் கருதத்தக்கது. சக்கார்டு அட்டையில் ஓரிடத்தில் துளை இருத்தல் அல்லது இல்லாதிருத்தல் என்னும் இருநிலைகளே கோலம் முழுவதையும் அமைக்கின்றன. இந்நாளைய தரவுத் தொடர்பில் பிட்டு எனப்படும் சிற்றலகும் இருநிலையே உடையது. ஆதலின் இத்துறையின் அடிப்படைக் கருத்து காஞ்சித் தறிகளுக்குப் புறம்பானதன்று.

காஞ்சிக்கு வந்த செயற்கைக்கோள் இணைப்பு

நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் கோள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதுபோல் தோன்றும் என்பதையும், அது செய்தித் தொடர்புக்குப் பயன்படும் என்பதையும் 1945இல் ஆர்தர் கிளார்க் எடுத்துரைத்தார். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு முதற் செயற்கைக்கோளை ஏவிற்று. 1981 சூனில் ஏவப்பட்ட ஆப்பிள் என்னும் கோளும், 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி என்னும் கோளும் இந்தியச் செய்தித் தொடர்பை இத்துறையில் நிலைநிறுத்தின.

1976இல் அமைந்த தேசியத் தகவலியல் மையம், 1980களின் இறுதியில் நிக்நெட் என்னும் வலையமைப்பின் வாயிலாக நாட்டின் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழி இணைக்கலாயிற்று. அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது காஞ்சிபுரமே. 1968 முதல் அந்நிலை பெற்றிருந்த அந்நகர், 1997இல் தன் பெயராலேயே மாவட்டமும் பெற்றது. மாவட்ட அலுவலகத்தின் சிறிய நிலமுனையத்தினின்று எழும் தரவு கோளுக்குச் சென்று, டில்லியிலிருந்த தலைமை நிலையத்தில் இறங்கும். ஒருமுறை ஏறி இறங்குவதற்குக் கால் நொடியளவு ஆகும். ஒரு மாவட்டத்தினின்று மற்றொரு மாவட்டத்திற்குத் தலைமை நிலையம் வழியே செல்வதாயின் அரை நொடியளவு ஆகும். ஒளியின் விரைவே எல்லையாதலின் இக்காலத்தாழ்வைக் கருவியின் திறத்தால் நீக்க இயலாது. இதனையே இந்நாளில் சுணக்கம் என வழங்குகின்றனர். சுணங்குதல் என்னும் பேச்சுவழக்கு வினை, நிரனிறையும் மடக்கும் போலக் கலைச்சொல்லாக உயர்ந்தது. பொதி, இரைச்சல் ஆகியனவும் இவ்வகையின. செயற்கைக்கோள் இணைப்பில் இரைச்சல் எனப்படுவது செவிக்குப் புலனாவதன்று. அலையில் கலக்கும் வேண்டா மின்னாற்றலே அது. ஓசையைக் குறித்த சொல் இங்குப் பொருள் விரிந்து நின்றது.

ஏற்றமும் இறக்கமும்

இனி, இத்துறையின் நடுநாயகமாகிய மோடம் என்னும் சொல்லை ஆராய்வோம். ஆங்கிலத்தில் இஃது இரு சொற்களின் தலைப்பகுதிகள் கூடிப் பிறந்தது. கருவியும் இரு தொழிலுடையது: அனுப்புகையில் தரவுக்கேற்ப ஓர் அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய பண்புகளுள் ஒன்றையோ பலவற்றையோ மாற்றுகின்றது, பெறுகையில் அம்மாற்றத்தினின்று தரவை மீட்கின்றது. முன்னதனைப் பண்பேற்றம் எனவும், பின்னதனைப் பண்பிறக்கம் எனவும், அவ்வலையை ஊர்தி அலை எனவும் தமிழ் இயற்பியல் நூல்கள் வழங்குகின்றன.

இச்சொற்களின் சிறப்பு இவை ஓர் உருவகத்தைத் தம்முள் பகிர்ந்திருத்தலாகும். ஊர்தி உண்டு, அதன்மேல் ஏற்றுதல் உண்டு, சேருமிடத்தில் இறக்குதல் உண்டு. ஒன்றை அறிந்தவன் ஏனையவற்றை உய்த்துணர்வான். ஊடு என்றதும் பாவு தோன்றுவது போன்றது இது. ஊர்தியின்மேல் ஏற்றப்படுவது செய்தியேயன்றிப் பண்பு அன்று, பண்பு மாறுவது ஊர்திக்கே எனத் தடை எழுப்புதல் கூடும். தடை பொருந்துவதே. ஆயினும் தொகுதியின் இயைபு அக்குறையை மறைக்கின்றது.

மோடத்திற்கு இணக்கி என்னும் சொல்லும் வழங்கிற்று. செவிக்கு இனிது, குறுகியது, தூயது; இருந்தும் அது வேரூன்றவில்லை. ஏற்றம், இறக்கம் என்னும் இரு தொழிலோடும் அதற்குத் தொடர்பில்லை என்பதே காரணமாகத் தோன்றுகின்றது. உண்மையில் இணக்கம் என்பது இக்கருவியின் வேறொரு செயலுக்கே பொருந்தும். இரு மோடங்கள் தரவு அனுப்பத் தொடங்குமுன் தம்முள் குறிகளை மாற்றிக்கொண்டு விரைவையும் முறையையும் உடன்படுவன. அச்செயலை ஆங்கிலத்தைப் பின்பற்றிக் கைகுலுக்கல் என்பர் சிலர். கைகுலுக்கல் வாழ்த்தை மட்டும் உணர்த்தும். இணக்கம் காணல் என்பதோ உடன்பாட்டையும் உணர்த்தும். ஆகவே இணக்கம் என்னும் சொல்லை உரிய இடத்தில் வைத்து, கருவிக்கு மோடம் என்னும் வழக்கை ஏற்பதே தக்கது. தீவகத்தை ஏற்ற மரபு மோடத்தை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

இத்தொகுதி நோக்கு மற்றொரு பிழையினின்றும் நம்மைக் காக்கும். கோப்பினைக் கணினிக்குக் கொணர்தல் பதிவிறக்கம், அனுப்புதல் பதிவேற்றம். நிலத்தினின்று கோளுக்குச் செல்லும் இணைப்பும் கோளினின்று நிலத்துக்கு வரும் இணைப்பும் வேறு. இவற்றையும் ஏற்றம், இறக்கம் என்றே பெயரிடின், மூன்று வேறு செயல்கள் ஒரே சொல்லிணையில் மயங்கும். காஞ்சி முனையத்தில் ஒருவர் கோப்பொன்றைப் பதிவிறக்கம் செய்கையிலும், அதனை அனுப்பும் தலைமை நிலையத்தில் பண்பேற்றம் நிகழ்ந்து, தரவு கோளுக்கு ஏறியே ஆகவேண்டும்! எனவே இணைப்புகளை மேலிணைப்பு, கீழிணைப்பு என வேறுபடுத்தி வழங்குதல் இன்றியமையாதது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வெவ்வேறு அதிர்வெண்கள் கொள்ளப்படுவதாலும் (6 கிகா ஏர்ட்சு மேலிணைப்புக்கும் 4 கிகா ஏர்ட்சு கீழிணைப்புக்கும் உரியனவாதல் ஒரு வழக்கம்) இவ்வேறுபாடு பொறியியலிலும் பயனுடையதே.

இரு நாட்டு வழக்கு

தொகுதி சிதைவதால் விளையும் இடரைத் தமிழகத்து வழக்கையும் ஈழத்து வழக்கையும் ஒப்பிட்டு அறியலாம். தமிழகம் செயற்கைக்கோள் என்கின்றது. ஈழம் செய்மதி என்கின்றது. செய்மதி வினைத்தொகை, புவியைச் சுற்றும் மதியை நினைவூட்டுவது, நான்கெழுத்துச் சொல்லாக எளிதில் பிற சொற்களோடு புணர்வது. செயற்கைக்கோள் என்பதிலோ கோள் என்னும் சொல் கதிரவனைச் சுற்றுவதையும் குறித்தலின் துல்லியம் சற்றுக் குறைகின்றது. ஆயினும் அது தமிழகத்தில் பாடநூலாலும் செய்தித்தாளாலும் வேரூன்றிவிட்டது. தகவல் தொடர்பு, தொடர்பாடல் என்பனவும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. தரவு என்னும் சொல் மட்டும் இருபாலும் பொதுவாயிற்று.

இவ்வேறுபாட்டைத் திசைவழக்கு எனக் கொண்டு இரண்டையும் பேணலாம். ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உலவுதல்தான் கவலைக்குரியது. சமிக்ஞை, சைகை, குறிகை என மூன்று சொற்கள் ஒரே கருத்துக்கு வழங்குகின்றன. இரைச்சலோடு அதன் தகவைக் கூறுமிடத்தில் ஒரு நூலிற்கு ஒரு சொல் வரின், இரு நூல்களைப் பயிலும் மாணாக்கன் அவை இரு பொருள் என மயங்குவான். ஓரியலில் ஓரணிக்கு ஒரு பெயரே வைத்த தண்டியலங்கார ஆசிரியரின் ஒழுங்கு ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: கலைச்சொல் தூய்மையால் மட்டும் நிலைபெறுவதன்று; வந்த சொல்லாயிருத்தலால் மட்டும் அழிவதும் அன்று. தன் இனச்சொற்களோடு இயைந்து நிற்பதும், பயில்வோரும் தொழில்செய்வோரும் வாயால் வழங்குவதுமே அதன் உயிர். நம் கலைச்சொல் தொகுதிகள் அகரவரிசையில் அமைந்தவை, தேடுவோர்க்கு அவ்வரிசை உதவும், ஆக்குவோர்க்கு உதவாது. பண்பேற்றம் ஒரு பக்கத்திலும் ஊர்தி அலை பிறிதொரு பக்கத்திலும் மேலிணைப்பு மற்றொரு பக்கத்திலும் கிடப்பின் அவற்றின் உறவும் மயக்கமும் தோன்றா. பொருள்வகையால் தொகுத்துப் பின்னரே அகரநிரலில் வைத்தல் வேண்டும். நிகண்டு நூலார் பொருள்வகைத் தொகுதிகளை அமைத்தமை இதற்கு வழிகாட்டும்.

இப்பணியோடு ஒன்றுபட்ட மற்றொரு கடமையும் உண்டு. ஊடு என்னும் அடியினின்று ஊடகம் பிறந்தது. ஆடை நூலைக் குறித்த இழை, ஒளியைச் சுமக்கும் ஒளியிழைக்குப் பெயராயிற்று. புதிய துறைகளுக்குச் சொல் தரும் ஆற்றல் தொழில்வழக்குக்கு உண்டென்பதற்கு இவை போதிய சான்று. கைத்தறி குறைந்துவரும் இந்நாளில், காஞ்சித் தறிகளின்மேல் வழங்கும் சொற்களைப் பொருளோடும் செயல்முறையோடும் முறையாகத் தொகுப்பார் வேண்டும். தறி ஓயின் அதன் சொல்லும் ஓயும். பட்டமேற்படிப்பு மாணவர் இதனைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின், பழந்தொழிலுக்கும் புதுத்துறைக்கும் ஒருங்கே உதவியவராவர்.