பாலறாவாயர் என்னும் பெயர்

நம் குன்றத்தூரிலே, வேளாளருள் சேக்கிழார் குடியிற் பிறந்த உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் அருண்மொழித்தேவர், பெரியபுராணம் அருளியவர். இளையவர் பாலறாவாயர். மூத்தவர் பெயர் நாடறிந்தது. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனுக்கும் இயற்பெயர் அருண்மொழி என்பதே. இளையவர் பெயரோ கேட்டாரை வியக்கச் செய்வது.

அறுதலாவது நீங்குதல். ஆகவே, பால் நீங்காத வாயினர் என்பது பொருள். சீகாழியிலே மூன்றாம் வயதில் உமையம்மையார் ஊட்டிய ஞானப்பாலை உண்ட திருஞானசம்பந்தரை இது குறிக்கும். சம்பந்தன் என்றே எளிதாக இட்டிருக்கலாம். பெற்றோர் அவ்வாறு செய்யாது, அப்பிள்ளையார் வாழ்வில் நிகழ்ந்த செயலையே பெயராக்கினர். தொட்டிற் குழவிக்கு இதனினும் பொருந்தும் பெயர் யாது?

அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில், தமையனார் அமைச்சுரிமை துறந்து தொண்டர்சீர் பரவப் புகுந்தபின், தம்பியார் தொண்டைமான் என்னும் பட்டத்துடன் தொண்டைநாடு காத்தார் என்பது வழிவழிச் செய்தி. பட்டம் பெற்றும் பழம்பெயர் மறையவில்லை. சோழர் கல்வெட்டிலும் சேக்கிழான் பாலறாவாயன் என்னும் பெயர் காணப்படுகிறது. தமையனாரையோ உலகம் குடிப்பெயராலேயே அறியும். அருண்மொழித்தேவர் என்றால், ‘அவர் யாவர்?’ என்று நம்மவரே வினவுவர்!

சென்ற திங்கள் எம் பேரனுக்குப் பெயரிடுங்கால் இவ்வரலாற்றை எடுத்துரைத்தேன். “பள்ளியிற் பிள்ளைகள் நகைப்பார்களே, மாமா” என்றாள் மருமகள். அவ்வச்சம் பொய்யென்று கூற எனக்கு நா எழவில்லை. அருண்மொழி என்றே இட்டோம். தொட்டிலருகே தனித்திருக்கும்பொழுது மட்டும் யான் அவனைப் பாலறாவாயா என்று அழைத்துவருகிறேன்.