கீரிமலைக் கேணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நதி கிடையாது. மழை பெய்தால் ஓடி, மழை விட்டால் வறண்டுபோகும் வழுக்கையாறு ஒன்று உண்டு. காவேரிக் கரையில் பிறந்தவன் அதை நதி என்று ஒப்புக்கொள்ள மாட்டான். மலையும் கிடையாது. அப்படியிருக்க, வடகரையில் கடல் விளிம்பிலே ஓர் ஊருக்குக் கீரிமலை என்று பெயர். அங்கே ஒரு மதிற்சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல். இந்தப் பக்கம் நன்னீர் ஊறும் கேணி. இந்த விசித்திரத்தைப் பார்க்கவும் அதில் நீந்தவும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போக முடியாமல் இருந்த காலங்களும் உண்டு. எனக்கு அந்த இரண்டாவது சரித்திரந்தான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை இல்லாமல் தமிழன் வாழும் பூமியில் எந்தத் தண்ணீரும் ஊறுவதில்லை. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இந்த ஊற்றில் நீராடி மனித முகம் பெற்றாராம். அதனால் ஊர் கீரிமலை; சிவன் கோயில் நகுலேசுவரம். பிறகு ஒரு சோழ ராஜகுமாரி வருகிறாள். மாருதப்புரவீகவல்லி என்று பெயர். குன்ம நோயும் குதிரை முகமுமாக வந்தவள் இங்கே தீர்த்தமாடிக் குணமடைந்தாள். குதிரை முகம் நீங்கியதால் மா விட்ட புரம், அதாவது மாவிட்டபுரம். அங்கே அவள் முருகனுக்குக் கோயில் எடுத்தாள். காங்கேயனுடைய விக்கிரகம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. டச்சுக்காரர் ஆட்சியில், 18-ம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை' ராஜகுமாரியின் கதையைப் பதிந்து வைத்திருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. இரண்டு குளியலை வைத்து மூன்று ஊர்களுக்குப் பெயர் சூட்டிய அந்த மகாநுபாவன் யாரோ!

ஊற்றின் ரகசியம் பாறையில் இருக்கிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். ஐப்பசி கார்த்திகை மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, காலக்கிரமத்தில் கல்லையே கரைத்து, உள்ளே சந்தும் பொந்தும் குகையுமாகக் குடைந்து வைத்திருக்கிறது. மழை நீர் உப்பு நீரைவிட இலேசானது அல்லவா? ஆகையால் கடல் சூழ்ந்த அந்தப் பூமியில் அது கடல் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல நீர் நின்றால் கீழே நாற்பது அடி நல்ல நீர் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறி வரும் என்பதும் அதே கணக்குத்தான். மிஞ்சிய நல்ல நீர் பாறை வழிகளில் நகர்ந்து கடலை நோக்கிப் போகிறது. போகிற வழியில் ஒரு வாய் கீரிமலையில் திறந்திருக்கிறது.

தென்கிழக்கே சில மைல் தூரத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதந்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. பழத்தைப் போட்டவரையோ எடுத்தவரையோ நான் சந்திக்கவில்லை. ஆனாலும் பூமிக்குள்ளே ஒரு ஊர் நீருக்கும் இன்னொரு ஊர் நீருக்கும் உறவு உண்டென்பதைப் பாட்டிமார் எலுமிச்சம்பழத்தை வைத்தே சொல்லி முடித்துவிட்டார்கள்.

நான் போனது ஒரு புரட்டாசிக் காலையில். ஆண்களுக்குத் திறந்த கேணி. பெண்களுக்குச் சுற்றிலும் சுவர் எழுப்பிய வேறு கேணி. பையன்கள் சுவர்மேல் ஏறி நின்று தொபுக்கென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் படியில் கால் வைத்துத் தயங்குவதைப் பார்த்த ஒரு பெரியவர், "பயப்பிடாமல் இறங்குங்கோ தம்பி, இது கடல்தண்ணி இல்லை" என்றார். இறங்கினேன். உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது; பிறகு வெளியே வர மனமில்லை. நீந்திப்போய்ச் சுவரைத் தொட்டால் மறுபுறம் அலை அடிக்கும் ஓசை காதில் கேட்கிறது. வாயில் பட்ட நீரில் கடலின் கரிப்பு இல்லை.

கரையேறித் தலை துவட்டும்போது பெரியவர் தம் கதையைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியைக்கு அந்தியேட்டி என்று பெயர். அதைக் கீரிமலையில் செய்வது வழிவழி வந்த வழக்கம். "அப்பா 93-ல செத்தவர். அவற்றை அந்தியேட்டிக்கு இஞ்சை வர ஏலாமல் போச்சுது. வேறை கடற்கரையிலதான் செய்தனாங்கள்" என்றார். சொல்லிவிட்டு வேட்டியைப் பிழியத் தொடங்கினார்.

1990-ம் ஆண்டு ஜூன் மாதம் யுத்தம் மறுபடி மூண்டபோது வலிகாமம் வடக்கு ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்த வட்டாரம் பின்னர் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அநுமதி கிடைத்த சில நாட்கள் தவிர, கேணி ஊர்க்காரர்களுக்கு இல்லை. ஊற்றோ நிற்கவில்லை, குளிக்க ஆள் இல்லையென்று தண்ணீர் ஊறாமல் இருக்குமா? 2009-ல் யுத்தம் முடிந்தபின் நிலம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பிக் கிடைத்தது. குண்டுபட்டுச் சிதைந்த நகுலேசுவரத்துக்கு 2012-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

கோயிலுக்கு அது முதல் அழிவு அல்ல. 1619-ல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கீசியர் குடாநாட்டின் பெரிய கோயில்களை இடித்தபோது நகுலேசுவரமும் தப்பவில்லை. இருநூறு வருஷங்களுக்கு மேல் கோயில் இல்லாத ஊற்றாகவே அது இருந்தது. திரும்பக் கட்டவேண்டுமென்று 19-ம் நூற்றாண்டில் குரல் கொடுத்த ஆறுமுக நாவலர் 1879-ல் காலமானார். கட்டி முடிந்தது அவருக்குப் பின்புதான்.

அந்நியர் மறித்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் ராஜகுமாரி கட்டிய அதே மாவிட்டபுரத்தில், 1968-ல், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டுமென்று கேட்டு வாசலில் நின்றார்கள். தடுத்தவர்களுக்கு முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், மந்திரியாகவும் இருந்தவர். இத்தகைய தடைகளைக் குற்றமாக்கிய சட்டம் 1957-லேயே வந்துவிட்டது. குதிரை முகம் போன ஊரில் மனித முகம் வரக் கொஞ்சம் தாமதந்தான். ஊர்க் கிணறுகளிலும் கதை அதுவே. எந்தச் சாதி எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று மேலே கயிறும் வாளியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அடியில் எல்லாக் கிணற்று நீரும் ஒரே பாறைக்குள் கலந்து கிடந்தது.

அந்தப் பாறைக்கும் ஆபத்து வந்தது. 1950-ல் காங்கேசன்துறையில் சிமெண்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அநேகம் பேருக்குச் சோறு போட்ட ஆலை. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சிமெண்டுக்கு வேண்டிய கல், மழையைப் பிடித்து வைத்திருந்த அதே சுண்ணாம்புக் கல். ஆலை 1990-ல் யுத்தத்தோடு நின்றுபோயிற்று. வெட்டியெடுத்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.

2014, 2015-ம் ஆண்டுகளில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்று குடாநாடு முழுவதும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. ஜனங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். சுன்னாகம் கீரிமலைக்குத் தெற்கே ஐந்து மைல். அந்த வருஷங்களில் பெரியவர் கேணியில் இறங்குமுன் ஒரு கை நீரை அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம்.