பக்கத்துக்கு வெளியே போன கை

சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் செலினியம் என்ற வலைப்பக்கச் சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை எழுதியபோது, அது சோதிக்கப்படும் பக்கத்தோடு சேர்ந்தே பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக இருந்தது. அன்றைக்கு அது சரியான முடிவுதான். ஒரே நிரல் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் ஓடும். பட்டனை அழுத்த வேண்டுமா, கிளிக் நிகழ்வை நிரலே உண்டாக்கிப் பட்டனுக்கு அனுப்பிவிடும். படிவத்தை நிரப்பி அனுப்பும் பக்கங்களுக்கு இது போதும். விரியும் மெனுக்களும் இழுத்து விடும் வசதிகளும் பெருகியபின் போதவில்லை. மவுஸ் ஒரு மெனுவின்மேல் வரும்போது, அந்த இடத்தில் எந்த உறுப்பு மேலே இருக்கிறது என்று பிரவுசர் கணக்கிடுகிறது. சிஎஸ்எஸ்ஸின் ஹோவர் விதியை அமல்படுத்துகிறது. நிகழ்வுகளை வரிசையாக அனுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் உண்டாக்கும் நிகழ்வுக்கு ஹோவர் விதி அசையாது. வேறொரு பெட்டி மூடி மறைத்த பட்டனுக்கும் அப்படியொரு கிளிக் போய்ச் சேரும். மனிதரால் அழுத்தவே முடியாத பட்டன் சோதனையில் தேறிவிடும். இதைவிட மோசமான பொய் ஒரு சோதனைக்கு இருக்க முடியாது.

பயனரின் கையைப் பக்கத்துக்குள் இருந்துகொண்டு நடிக்க முடியாது என்பதே இத்தொழில் மெல்ல மெல்லக் கற்ற பாடம் என்பேன். சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் என்ற கருவி ஒவ்வொரு பிரவுசரையும் அதற்கேற்ற வழியில் வெளியிலிருந்து செலுத்தியது. சில இடங்களில் இயங்குதளத்தின் அசல் நிகழ்வுகளையே பயன்படுத்தியது. அதற்கும் விலை இருந்தது: விண்டோஸில் சாளரம் முன்னணியில் இல்லாவிட்டால் சோதனை தடுமாறும். 2009இல் இரு திட்டங்களும் இணைவதாக அறிவித்தன. 2011இல் செலினியம் 2 வந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாகி, கையை நடிக்கும் பொறுப்பு பிரவுசர் தயாரிப்பாளர்களிடமே நிலைபெற்றது. விசைப்பலகையும் சுட்டியும் தனித்தனி உள்ளீடுகள் என்றும், ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தரநிலை வகுத்தது. ஷிஃப்டை அழுத்தியபடி கிளிக் செய்வதையும் இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்குவதையும் அதனால்தான் ஒழுங்காகச் சொல்ல முடிந்தது.

பக்கத்துக்குள் ஓடும் சைப்ரஸ் போன்ற கருவி இன்றும் விரும்பப்படுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டன் மறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அது கிளிக் செய்யும்; நிரலின் தர்க்கத்தைச் சோதிக்க அது நல்ல கருவி. ஆனால் அதில் ஹோவருக்கென்று ஒரு கட்டளை கிடையாது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: குரோம் பிரவுசரை வெளியிலிருந்து செலுத்திய குரோம் டிரைவரிலும் ஹெச்டிஎம்எல்5 இழுத்து விடுதல் பல ஆண்டுகள் வேலை செய்யவில்லை, சோதனையாளர்கள் மீண்டும் ஜாவாஸ்கிரிப்டையே நாடினார்கள். இது என் வாதத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது. அந்த இழுவையை நடத்துவதில் இயங்குதளத்துக்கும் பங்கு உண்டு. நடிப்பு அந்த ஆழம்வரை எட்டவில்லை.

ஒரு நிகழ்வு எங்கிருந்து வந்தது என்பதைப் பிரவுசரே ‘இஸ்டிரஸ்டட்’ என்ற பண்பில் குறித்துவைக்கிறது. பக்கத்து நிரல் உண்டாக்கி அனுப்பியதென்றால் அதன் மதிப்பு ‘ஃபால்ஸ்’. உங்கள் இழுத்து விடும் சோதனை பச்சை காட்டினால், அதை நம்புவதற்கு முன் இந்த மதிப்பைப் பாருங்கள்.