சும்மா கிடைத்த இடம்: பிளிக்கர் முதல் கூகுள் போட்டோஸ் வரை

சென்ற வாரம் என்னிடம் படித்த பழைய மாணவி ஒருவர் கையில் போனோடு வீட்டுக்கு வந்தார். "சேர், இது வாப்பாட போன். அவர் மௌத்தானதிலிருந்து அலுமாரிக்குள்ளதான் கிடந்தது. இப்ப சார்ஜ் போட்டா ஸ்டோரேஜ் நிறைஞ்சிட்டு எண்டு வருது. போட்டோவெல்லாம் சும்மா போட்டு வைக்க வேற வெப்சைட் இருந்தா சொல்லுங்க சேர்" என்றார்.

வாப்பா மௌத்தாகி ஒன்றரை வருடம். அவர் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் படங்கள் அந்தப் போனிலும் அதோடு இணைந்த கணக்கிலும்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

ஒரு வெப்சைட்டின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவருக்கு அன்று சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2004 பெப்ரவரியில் கனடாவின் வன்கூவர் நகரில் பிளிக்கர் தொடங்கியது. அதை உருவாக்கிய ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டும் கெத்தரினா ஃபேக்கும் முதலில் செய்துகொண்டிருந்தது ஒரு இன்டர்நெட் விளையாட்டு. அது கரைசேரவில்லை. அதற்காகச் செய்த வேலையிலிருந்துதான் போட்டோ பகிரும் தளம் பிறந்தது. ஒருவர் போடும் படத்தை உலகம் முழுக்கப் பார்க்கலாம், கருத்து எழுதலாம், 'கடல்', 'கலியாணம்' என்று குறிச்சொல் போட்டுத் தேடலாம். அன்றைக்கு இதெல்லாம் புதுமை. ஆனால் காசு கட்டாதவருக்குக் கடைசி 200 படங்கள்தான் தெரியும். மாதம் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் அளவு இருந்தது.

2005 மார்ச்சில் யாஹூ கொம்பனி பிளிக்கரை வாங்கியது. யாஹூவிடம் ஏற்கெனவே 'யாஹூ போட்டோஸ்' என்று இன்னொரு இலவசச் சேவை இருந்தது. 2007 இல் அதை மூடினார்கள். படங்களை வேறு தளத்துக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். அவகாசத்துக்குள் மாற்றாதவரின் படங்கள் போய்விட்டன.

கொடாக் என்ற பெயர் நம் உம்மா, வாப்பா காலத்தில் போட்டோவுக்கே மறுபெயர். அந்தக் கொம்பனியும் 'கொடாக் கலரி' என்று ஒரு தளம் நடத்தியது. 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதே வருடம் ஜூலையில் கலரியும் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பெயரும் ஒரு உத்தரவாதமல்ல என்பதற்கு இதுவே போதும்.

இனித்தான் பெரிய அறிவிப்பு. 2013 மே 20 அன்று பிளிக்கர் புதிய தோற்றத்தோடு வந்தது. படங்கள் திரை நிறையப் பெரிதாகத் தெரிந்தன. ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் இடம் இலவசம் என்றார்கள். சாதாரண படமென்றால் ஐந்து இலட்சத்துக்கும் மேல் வைக்கலாம். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க எடுத்தாலும் நிறையாத இடம். 2015 மே மாதம் போனிலும் கொம்பியூட்டரிலும் உள்ள படங்கள் தானாகவே ஏறும் வசதியும் வந்தது. அதே மாத இறுதியில் கூகுள் போட்டோஸ் தொடங்கி, படத்தைக் கொஞ்சம் சுருக்கி வைக்கச் சம்மதித்தால் எத்தனை வேண்டுமானாலும் இலவசம் என்றது.

சனங்கள் நம்பினார்கள். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை.

2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற கொம்பனி பிளிக்கரை வாங்கியது. அந்த வருடம் நவம்பர் 1 அன்று அறிவிப்பு வந்தது: இலவசக் கணக்கில் இனி 1,000 படங்கள்தான். கூடுதலாக உள்ளவர்கள் காசு கட்ட வேண்டும், அல்லது இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழையதிலிருந்து அழிக்கப்படும். அந்த டெராபைட்டின் ஆயுள் ஐந்தரை வருடம். ஐந்து இலட்சம் எங்கே, ஆயிரம் எங்கே?

கூகுள் 2020 நவம்பரில் அறிவித்தது: 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிகாபைட் கணக்குக்குள் சேரும். அதற்குள்தான் ஜிமெயிலும் ட்ரைவும். முன்னர் சுருக்கி ஏற்றிய படங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது நியாயம். ஆனால் கணக்கற்ற இலவசம் ஆறு வருடத்தில் முடிந்தது. பிறகு 2023 இல் இன்னொரு விதி: இரண்டு வருடம் பாவிக்காத தனிநபர் கணக்குகள், உள்ளே இருக்கும் படங்களோடு அழிக்கப்படலாம்.

இதைச் சொன்னபோது அந்த மாணவியின் முகம் மாறிவிட்டது. ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டதே!

இந்தக் கொம்பனிகள் ஏமாற்றின என்று நான் சொல்லவில்லை. படம் வைக்கக் கொம்பியூட்டர் வேண்டும், மின்சாரம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். பிளிக்கரை வாங்கியவர்களே 2019 டிசம்பரில், இன்னும் நட்டத்தில்தான் ஓடுகிறது என்று பாவனையாளர்களுக்குப் பகிரங்கமாக எழுதினார்கள். ஆட்களைச் சேர்க்க வேண்டிய காலத்தில் இடம் இலவசம். ஆட்கள் சேர்ந்த பிறகு, அல்லது கொம்பனி கைமாறிய பிறகு, யாரோ அந்தச் செலவைக் கட்ட வேண்டும். முன்கூட்டி அறிவிப்பும் கொடுக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு எங்கே போகிறது? ஈமெயிலுக்கு. நம் ஊரில் பாதிப் பேருடைய கணக்கு, போன் வாங்கிய கடைத் தம்பி திறந்து கொடுத்தது. பாஸ்வேர்ட் அவருக்கும் ஞாபகமில்லை, நமக்கும் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, இலவச இடத்தைப் பாவியுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். முக்கியமான படங்களை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு வீட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுங்கள். வருடத்துக்கு இருபது படத்தையாவது ஸ்டூடியோவில் கழுவிப் பின்பக்கத்தில் பெயரும் வருடமும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கணக்குப் பாஸ்வேர்டை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பிளிக்கர் தொடங்கிய அதே 2004 இன் டிசம்பர் 26 அன்று கடல் வந்து எங்கள் அல்பம் முழுவதையும் கொண்டுபோனது. உம்மாவின் கலியாணப் படம் இன்று என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பிரதியை உம்மா எப்போதோ கண்டியிலிருந்த சாச்சிக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் அது மிஞ்சியது.

அந்த மாணவியின் வாப்பாவுடைய படங்களை அன்றிரவே இறக்கிவிட்டோம். ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி அவருடைய ராத்தாவிடம். உங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் அப்படி ஒரு போன் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.